வில்லுத்தகட்டிலிருந்து முதற்கத்தி

முதன்முதலாகக் கத்தி செய்ய ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் ஒரு முழ நீளத்தில், நுனி வளைந்த, பார்த்தவர் வியக்கும் கத்தி ஒன்றையே மனத்தில் வைத்திருப்பார். அந்த ஆசையைச் சிறிது காலம் ஒத்திவைத்து, அடுக்களையில் வெங்காயமும் கத்தரிக்காயும் அரியும் ஒரு சிறு கத்தியுடன் தொடங்குங்கள். நீண்ட அலகைச் சிறிய நெருப்பில் ஒரே சீராகச் சூடேற்ற முடியாது; தோய்ச்சலின்போது, அதாவது பழுக்கக் காய்ச்சிய அலகை எண்ணெயில் அமிழ்த்தி இறுகச் செய்யும்போது, அது கோணிவிடும்; அராவும் வேலையும் பல மடங்காகும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. காட்டுக்கத்தி செய்தால் அது சுவரில் தொங்கும். அடுக்களைக் கத்தி நாளுக்கு மூன்று வேளை உழைக்கும், அதன் குறைகளை வீட்டிலுள்ளவர்கள் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். இரண்டாவது கத்தியைச் சரியாகச் செய்வதற்கு அந்தப் பேச்சைவிடப் பெரிய பாடம் கிடையாது.

இங்கே விவரிக்கும் கத்தியின் அலகு 12 சென்ரிமீற்றர் நீளமும் 3 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது. முதுகின் தடிப்பு 3 மில்லிமீற்றர். பிடி 11 சென்ரிமீற்றர். பிடிக்குள் செல்லும் இரும்புப் பகுதியை இக்கட்டுரையில் வால் என்று குறிப்பிடுகிறேன். வாலைக் கூராக்கி, பழுக்கக் காய்ச்சி, மரக்கட்டைக்குள் இறக்கிப் பூண் போடுவது ஒரு முறை; நம் ஊர்ச் சத்தகங்களிலும் அருவாள்களிலும் காண்பது அதுவே. பழகிய கைக்கு அது அரை மணித்தியால வேலை. பழகாத கைக்கோ துளை கோணலாகப் போகும், சில மாதங்களில் பிடி ஆடத் தொடங்கும். ஆகவே வாலைப் பிடியின் முழு நீளத்துக்கும் அகலத்துக்கும் விட்டு, இருபுறமும் மரத்துண்டு ஒட்டித் தறையும் முறையையே முதற்கத்திக்குப் பரிந்துரைக்கிறேன். அதில் பிழை நேர்ந்தால் மரத்தைக் கழற்றி மீண்டும் தொடங்கலாம்.

இரும்பைத் தொடுமுன் ஒரு தடித்த மட்டையில் கத்தியின் உருவத்தை முழு அளவில் வரைந்து வெட்டி, கையில் பிடித்துப் பாருங்கள். வெட்டும் பலகையில் வாய் முழுவதும் படியும்போது விரல் கணுக்கள் பலகையில் இடிக்கின்றனவா என்பதை மட்டை அப்போதே காட்டிவிடும். மூன்று நான்கு மட்டைகள் வெட்ட நேர்ந்தாலும் தவறில்லை, மட்டைக்கு விலையில்லை.

இரும்பு

கட்டடத்துக்குப் போடும் முறுக்குக் கம்பி, வாயிற்கதவு செய்த பட்டம், கடையில் வாங்கும் சாதாரண இரும்புத் தகடு ஆகியவை கத்திக்கு உதவா. அவற்றில் காபன் குறைவு. எவ்வளவு சூடாக்கி எதில் தோய்த்தாலும் அவை வேண்டிய அளவு இறுகமாட்டா. நமக்குக் கைக்கெட்டும் நல்ல உருக்கு இரண்டு: ஒன்று வாகனங்களின் பாரத்தைத் தாங்கும் வளைந்த வில்லுத்தகடு, மற்றது தேய்ந்த பழைய அரம். வில்லுத்தகட்டில் பொதுவாக 0.6 சதவீதம் அளவில் காபன் இருக்கும். அரத்தில் 1 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அரம் மிகக் கூர்மையான வாயைத் தரும், ஆனால் தோய்ச்சலில் சிறு தவறு நேர்ந்தாலும் வெடிக்கும். மேலும் மலிவான அரங்கள் சிலவற்றில் மேற்தோல் மட்டுமே இறுகியிருக்க, உள்ளே மெல்லிரும்பாக இருக்கும். வில்லுத்தகடு தொடக்கக்காரரின் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.

லொறியின் வில்லுத்தகடு மிகத் தடிப்பானது. சிறிய வானின் தகடு, 6 மில்லிமீற்றர் அளவில் உள்ளது, போதும். பழைய இரும்புக் கடைகளில் நிறைக்கு வாங்கலாம். நடுவிலுள்ள ஆணித்துளையின் அருகிலும், கவ்விகள் இறுக்கிய இடங்களிலும் கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புகள் இருக்கக்கூடும் என்பதால் அந்தப் பகுதிகளைத் தவிர்த்து, நுனிப்பக்கத் துண்டை எடுங்கள்.

ஐயம் இருந்தால் கிறைண்டரில் மெல்லத் தொட்டுப் பார்க்கலாம். காபன் கூடிய உருக்கின் பொறி நுனியில் பூவாக வெடித்துக் கிளைவிடும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாகப் பாய்ந்து அப்படியே மறையும். இதைவிட உறுதியான சோதனை ஒன்றைப் பின்னர் சொல்லுகிறேன். அதற்காகச் சுண்டுவிரல் அளவான துண்டுகள் இரண்டை இப்போதே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

6 மில்லிமீற்றர்த் தகட்டை 3 மில்லிமீற்றராக அராவ முயல்வது வீண் உழைப்பு. கம்மாலைக்குக் கொண்டுபோய், வளைவை நீக்கித் தட்டையாக அடித்து, ஏறத்தாழ 4 மில்லிமீற்றருக்கு மெலிக்கச் சொல்லுங்கள். உலையும் பட்டடையும் சம்மட்டியும் தயாராக இருக்கிற இடத்தில் அது சிறிய வேலை. நீங்களே அடிக்கவில்லையே என்று வருந்த வேண்டியதில்லை. கத்தியின் தரம் தீர்மானிக்கப்படுவது பின்னால் வரும் தோய்ச்சலில்தான். ஆயினும் அங்கே நின்று பாருங்கள், கேளுங்கள். நான் முதல்முறை போனபோது, இரும்பு சிவந்ததும் எடுக்கலாமா என்று கேட்டேன். துருத்திக்குப் பக்கத்தில் இருந்த முதியவர் நிமிர்ந்தும் பாராமல் சொன்னார்: "தம்பி, சிவந்தாக் காணாது. எந்தச் சிவப்பு எண்டு தெரியவேணும்." அந்த ஒரு வசனத்தின் பொருள் எனக்கு விளங்க இரண்டு கத்திகள் வீணாயின.

அடித்து முடிந்த துண்டை அன்றிரவு மீண்டும் சிவக்கக் காய்ச்சி, நன்கு உலர்ந்த உமிச்சாம்பல் நிரப்பிய வாளியில் ஆழமாகப் புதைத்து விடியும்வரை விட்டுவிடுங்கள். இப்படி மெல்ல மெல்ல ஆறிய உருக்கே அரத்துக்கு இடம்கொடுக்கும். காலையில் சாம்பலைக் கிளறும்போது துண்டில் இன்னும் இளஞ்சூடு இருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

அராவுதல்

மட்டை உருவை உருக்கின்மேல் வைத்துக் கோடு கீறி, இரும்பறுக்கும் வாளால் கோட்டுக்கு வெளியே வெட்டி, மிச்சத்தை அரத்தால் எடுங்கள். கிறைண்டர் இருந்தால் இந்த இடத்தில் பயன்படுத்தலாம். ஆனால் சாரத்துடனோ செருப்புடனோ அதைத் தொட வேண்டாம். சுழலும் கல் சாரத்தின் விளிம்பைப் பிடித்தால் கையை எடுக்க நேரமிராது. கண்ணாடி கட்டாயம்.

அலகும் வாலும் சந்திக்கும் மூலையைக் கூரான செங்கோணமாக விடாதீர்கள். தோய்ச்சலில் வெடிப்பு தொடங்கும் இடம் அதுதான். வட்ட அரத்தால் அந்த மூலையை வளைவாக்கி விடுங்கள். வாலில் தறையாணிக்கான துளைகளையும் இப்போதே போட்டுவிட வேண்டும். இறுகிய பின் சாதாரணத் துளைக்கருவி அதில் ஏறாது. 4 மில்லிமீற்றர்ப் பித்தளைக் கம்பி போடப் போகிறோம் என்றால் துளையை 4.2 அல்லது 4.5 ஆக விடுங்கள். தறையாணிக்கு இரண்டு துளைகள் போதும். நடுவில் இன்னும் இரண்டு பெரிய துளைகள் இட்டால் பசை ஒருபுறமிருந்து மறுபுறம் பாய்ந்து இரு மரத்துண்டுகளையும் இணைக்கும், கத்தியின் பின்பாரமும் குறையும்.

அடுத்து வருவது வாயின் சரிவு. முதலில் வாய் விளிம்பின் நடுக்கோட்டைக் குறிக்க வேண்டும். உருக்கின் தடிப்புக்குச் சமமான விட்டமுள்ள துளைக்கருவி ஒன்றை எடுத்து, கண்ணாடித் துண்டின்மேல் கத்தியையும் அதையும் கிடத்தி, அதன் கூர் விளிம்பில் படும்படி இழுத்தால் கோடு சரியாக நடுவில் விழும். அதன் இருபுறமும் அரை மில்லிமீற்றர் தள்ளி இரண்டு கோடுகள் கீறுங்கள். அராவும்போது அந்தக் கோடுகளைத் தாண்டக்கூடாது. அதாவது, தோய்ச்சலுக்கு முன் வாய் 1 மில்லிமீற்றர் தடிப்பாகவே இருக்க வேண்டும். இப்போதே கூராக்கிவிட்டால் நெருப்பில் அந்த மெல்லிய விளிம்பு மற்றப் பகுதிகளுக்கு முன்னரே மிதமிஞ்சிச் சூடேறும், எண்ணெயில் இறங்கும்போது அலையலையாக நெளியும்.

கத்தியை ஒரு பலகையில் தட்டையாகக் கிடத்தி, வாலின் துளைகள் வழியாக இரண்டு திருகாணிகளை முடுக்கிப் பலகையை வைஸில் பிடித்தால் அராவுவது எளிது. அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அழுத்துங்கள். பின்னே இழுக்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அழுத்தினால் தேய்வது அரத்தின் பல்லே. வெண்கட்டியை அரத்தில் தேய்த்து வைத்தால் இரும்புத்தூள் பற்களுக்கிடையே அடைந்து கத்தியைக் கீறாது. ஒருபுறத்தைப் பத்துத் தள்ளல் அராவினால் மறுபுறத்தையும் பத்துத் தள்ளல் அராவுங்கள். ஒருபுறத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபுறம் போனால் வாய் நடுவிலிருந்து விலகிவிடும். இதற்கு இரண்டு நாட்களின் மாலை நேரம் போகும், தோள் வலிக்கும். அவசரப்படுகிறவர் கிறைண்டரால் சரிவு எடுக்கப் போய், ஒரே கணத்தில் குழியொன்றை உண்டாக்கிவிட்டு, அந்தக் குழியைச் சமப்படுத்த மற்ற இரண்டு நாட்களையும் செலவிடுவார். நான் செலவிட்டிருக்கிறேன்.

அரம் விட்ட கோடுகளை 120, 220 இலக்க அரத்தாள்களால் நீக்குங்கள். ஆழமான கீறல் வாய்க்குக் குறுக்கே நின்றால் அதுவும் வெடிப்புக்கு வழி.

தோய்ச்சல்

இதுவரை கையிலிருப்பது கத்தி உருவமுள்ள இரும்பு. அதை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். கூராக்கினால் பத்து வெங்காயத்தில் மொட்டையாகும். அதைக் கத்தியாக்குவது தோய்ச்சல்.

பொழுது பட்டபின் தொடங்குங்கள். வெயிலில் உருக்கின் நிறத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது. நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி, அடியில் ஓர் இரும்புக்குழாய் வழியாகக் காற்று ஊதினால் இந்தச் சிறிய அலகுக்குப் போதுமான உலை அமைந்துவிடும். எரிபொருளாகச் சிரட்டைக்கரி சிறந்தது. சூடு கூடியது, புகை குறைந்தது. பக்கத்தில் ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் தேங்காய் எண்ணெய். தடித்த இரும்புக் குழாயின் அடியை ஒட்டிச் செய்த பாத்திரமே நல்லது. பால்மாப் பேணிதான் கிடைக்கும் என்றால் அதை மணல் நிரப்பிய வாளிக்குள் இறக்கி வையுங்கள். பழைய என்ஜின் எண்ணெயைச் சிலர் பயன்படுத்துவார்கள். அதன் புகை மூச்சுக்குக் கேடு, அடுக்களைக் கத்தியில் அது பட வேண்டிய தேவையும் இல்லை. பாத்திரத்தை மூட ஒரு தகரமூடியும், ஒரு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் மூடியால் மூடுங்கள், மணலைக் கொட்டுங்கள். தண்ணீரை ஊற்றவே கூடாது. ஓலைக் கொட்டிலுக்குள்ளோ விறகுக் குவியலுக்கு அருகிலோ இந்த வேலை ஆகாது.

எண்ணெயை முன்கூட்டியே 50 முதல் 60 பாகை வரை சூடாக்கிக்கொள்ளுங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டொன்றை அதில் போட்டால் போதும். சூடான எண்ணெய் மெதுவாகவே குளிர்விக்கும் என்று தோன்றும். உண்மை அதற்கு மாறானது. குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் உருக்கைச் சுற்றி விரைவாக ஓடாது, இளகிய எண்ணெய் ஓடும்.

முன்பு வெட்டி வைத்த சிறு துண்டுகளை இப்போது எடுங்கள். ஒன்றைக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, ஆறியதும் வைஸில் பாதி இறுக்கி, துணியால் மூடிக்கொண்டு சுத்தியலால் ஓர் அடி. நல்ல உருக்கானால் கண்ணாடி போல முறியும். முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள்: மணியே தெரியாத சாம்பல் நிறமாக இருந்தால் சூடு சரி; சீனி போல மினுங்கும் பெரிய மணிகள் தெரிந்தால் மிதமிஞ்சிச் சூடாக்கிவிட்டீர்கள்; முறியாமல் வளைந்தால் சூடு போதவில்லை, அல்லது உருக்கே சரியில்லை. இரண்டாவது துண்டில் திருத்திக்கொள்ளலாம். கத்தியைப் பலி கொடுத்துப் படிப்பதைவிட இது மலிவு.

சரியான சூட்டை அறிய இரண்டு வழிகள் உண்டு. இரும்பு 770 பாகை செல்சியஸ் அளவில் காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையை இழக்கும். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தத்தை ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அலகைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்கள். காந்தம் அசையாமல் நின்றால் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. அதன்பின் நிறம் இன்னும் ஒரு படி ஒளிரும்வரை, அதாவது மேலும் 50 பாகை அளவுக்கு, சூடேற்ற வேண்டும். இரண்டாவது வழி அடுக்களையிலேயே இருக்கிறது. சாதாரண உப்பு 801 பாகையில் உருகும். ஆனையிறவு உப்பில் ஒரு கிள்ளு எடுத்து அலகின் முதுகில், வாலுக்கு அருகே தூவினால், அது மணியாகவே கிடக்கிறதா, உருகி ஈரமாகப் படர்கிறதா என்பது தெளிவாகத் தெரியும். அந்த முதியவர் சொன்ன "எந்தச் சிவப்பு" என்பது, உப்பு உருகிய கணத்தில் இரும்பு காட்டும் சிவப்பு என்று இப்போது சொல்லுவேன். அந்த நிறத்தை இரண்டு மூன்று முறை பார்த்துவிட்டால் கண் மறக்காது.

முதலில் கத்தியைக் காந்தம் விடும்வரை காய்ச்சி, எடுத்து, காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இதை மூன்று முறை செய்தால் அடித்ததாலும் அராவியதாலும் உள்ளே தேங்கிய இறுக்கம் தளர்ந்து, உருக்கின் மணி சிறுக்கும். நான்காவது முறை சரியான சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அலகை நெருப்பில் முன்னும் பின்னும் நகர்த்தி, நுனி முந்திச் சிவக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மெல்லிய நுனியே முதலில் எரிந்துபோகும். அலகு முழுவதும் ஒரே நிறம் வந்ததும் குறட்டால் எடுத்து, தயங்காமல், நுனி கீழாக, நேர்குத்தாக எண்ணெயில் இறக்குங்கள். வெட்டும் திசையில் முன்னும் பின்னுமாக மெல்ல அசைக்கலாம். பக்கவாட்டில் அசைத்தால் அலகு ஒருபுறமாக வளையும். கொதிப்பு அடங்கும்வரை எண்ணெய்க்குள்ளேயே இருக்கட்டும்.

தண்ணீரில் தோய்த்தால் இன்னும் இறுகுமே என்று எண்ணுகிறவர்களுக்காக என் முதற்கத்தியின் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரம் அராவிய அலகைக் கிணற்றிலிருந்து அப்போதுதான் அள்ளிய தண்ணீரில் இறக்கினேன். ஆவி சீறிய சத்தத்துக்கு நடுவே 'டிக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டது. பல்லி சொன்னதாகவே நினைத்தேன். துடைத்துப் பார்த்தபோது வாயிலிருந்து முதுகை நோக்கி மயிரிழை போல ஒரு கோடு ஏறியிருந்தது. விரலால் அழுத்தியதும் அது இரண்டு கத்தியாயிற்று.

ஆறிய அலகில் பழைய அரத்தின் மூலையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். கடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. இந்நிலையில் கத்தி கண்ணாடியைப் போன்றது, சீமெந்துத் தரையில் விழுந்தால் உடையும். ஆகவே அன்றிரவே பதம் இறக்க வேண்டும், அதாவது மிதமான சூட்டில் வைத்து அந்த நொறுங்கும் தன்மையைக் குறைக்க வேண்டும், மறுநாளைக்குத் தள்ளக்கூடாது. வீட்டில் கேக் சுடும் மின்னடுப்பு இருந்தால், 200 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஒரு மணித்தியாலம் வையுங்கள். எண்ணெயை முன்னரே நன்றாகத் துடைத்துக் கழுவிவிடுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த கேக்கில் அது மணக்கும்.

மின்னடுப்பு இல்லாதவர் அலகை அரத்தாளால் பளபளப்பாக்கி, தடித்த இரும்புத் துண்டொன்றைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கத்தியின் முதுகை வைத்துப் பிடிக்கலாம். முதுகிலிருந்து வாயை நோக்கி நிறங்கள் மெல்ல நகர்ந்து வரும்: முதலில் வெளிர் வைக்கோல் நிறம், அடுத்துக் கபிலம், பிறகு ஊதா, கடைசியில் நீலம். வைக்கோல் நிறம் வாயைத் தொட்ட கணத்தில் எடுத்துத் தண்ணீரில் இட வேண்டும். அது 200 பாகைக்குச் சற்று மேற்பட்ட சூடு. நீலம் வாய்வரை வந்துவிட்டால் சூடு 300 பாகையை எட்டிவிட்டது, அடுக்களைக் கத்திக்கு வாய் மிக மென்மையாகிவிட்டது. மீண்டும் தோய்ச்சலிலிருந்தே தொடங்க வேண்டும். முதுகு நீலமாகவும் வாய் வைக்கோல் நிறமாகவும் நிற்பதுதான் இம்முறையின் சிறப்பு. முதுகு வளைந்துகொடுக்கும், வாய் கூரைத் தாங்கும்.

பிடி

பிடிக்கான மரத்தைப் பற்றி நம்மிடையே பேசத் தொடங்கினால் முதலில் வருவது பனை. பனையின் வெளிவைரத்தில் கறுப்பும் மஞ்சளுமாக ஓடும் நார்க்கோடுகளின் அழகுக்கு ஈடில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நார் ஒவ்வொன்றும் ஒரு சிராய். அராவும்போது நார்கள் எழுந்து நிற்கும், இடையிலுள்ள மென்பகுதி பள்ளமாகும், ஓரம் பிளக்கும்; முடிந்தபின்னும் ஈரக்கையில் குத்தும். பசையோ அரக்கோ ஊறவைத்து அடக்கத் தெரிந்தவருக்கு அது நல்ல மரம். முதற்கத்திக்கு வேண்டாம். உள்ளேயுள்ள சோற்றிப் பகுதி எதற்கும் உதவாது.

பாலை மிகவும் கனமானது, இறுக்கமானது, காயும்போது வெடிக்கும். முதிரை, வேம்பு, பூவரசு ஆகிய மூன்றும் தொடக்கத்துக்கு ஏற்றவை. இவற்றுள் முதிரைக்கே என் வாக்கு: மஞ்சளாக மினுங்கும், நீர் ஏறாது, கூரான உளிக்கு நன்றாக இணங்கும். தளபாடம் செய்யும் பட்டறையில் அல்லது மரக்காலையில் கழிவுத்துண்டு கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். ஒரே எச்சரிக்கை, முதிரைத்தூள் சிலரின் தோலில் கடியையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முகத்தில் துணி கட்டி, முழுக்கைச் சட்டை அணிந்து தேயுங்கள்.

மரத்தின் இனத்தைவிட அது காய்ந்திருப்பது முக்கியம். ஓர் அங்குலத் தடிப்புப் பலகை நிழலில் காய ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும். நான் ஒரு மார்கழியில் வேலிப் பூவரசில் கிளை வெட்டி, தையில் பிடி போட்டேன். அழகாக இருந்தது. வைகாசியில் சோளகம் அடிக்கத் தொடங்கியதும் மரம் சுருங்கி, இரும்பின் விளிம்பு பிடியைச் சுற்றிக் கையில் தட்டுப்பட்டது, பித்தளை ஆணிகள் இரண்டும் மேலே தள்ளி நின்றன. இப்போது எனக்குப் பிடிமரம் தருவது எங்கள் பழைய வீட்டின் உடைந்த யன்னல் நிலை. அறுபது வருடம் வெயிலும் மழையும் பார்த்த மரம் இனிச் சுருங்குவதற்கு எதுவும் மிச்சமில்லை. உங்கள் வளவிலும் அப்படி ஒரு நிலையோ வளையோ கிடக்கக்கூடும். ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்துவிட்டு அரியுங்கள்.

ஒவ்வொன்றும் 9 அல்லது 10 மில்லிமீற்றர்த் தடிப்பில் இரண்டு துண்டுகள் வேண்டும். வாலில் படியும் முகம் முற்றிலும் தட்டையாக இருக்க வேண்டும். கண்ணாடியின்மேல் அரத்தாளை விரித்து அதன்மேல் தேய்த்தால் தட்டையாகும். இரும்பையும் மரத்தையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். இடையில் ஒளி தெரியக்கூடாது. ஒரு துண்டை வாலுடன் இறுக்கி, வாலின் துளை வழியாகவே மரத்தைத் துளையுங்கள். பிறகு மறுபுறத் துண்டுக்கும் அவ்வாறே.

ஒட்டுமுன் மறந்துவிடும் ஒரு வேலை உண்டு. அலகை நோக்கிய மரத்தின் முன்விளிம்பை இப்போதே வளைத்து, தேய்த்து, மெருகிட்டு முடித்துவிட வேண்டும். ஒட்டியபின் அந்த இடத்தைத் தேய்க்கப் போனால் அலகில் கீறல் விழாமல் இராது.

இரும்பை அரத்தாளால் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். இரண்டு குழாயாக வரும் எப்பொக்சிப் பசையில் மெதுவாக இறுகும் வகையை வாங்குங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை நம் ஊர் வெக்கையில் நீங்கள் இரண்டாவது ஆணியைத் தேடும்போதே கல்லாகிவிடும். இரு முகங்களிலும் துளைகளிலும் பூசி, பித்தளைக் கம்பிகளைச் செருகி, கிளாம்ப்பால் பிடியுங்கள். பசை முழுவதும் வெளியே பிதுங்கும் அளவுக்கு முறுக்கவேண்டாம், உள்ளே ஒட்டுவதற்குப் பசை மிச்சமிருக்க வேண்டும். அலகில் வழிந்ததை உடனே துடைத்துவிட்டு ஒருநாள் முழுவதும் அசையாமல் விடுங்கள். மறுநாள் ஆணித்தலைகளைச் சிறிய சுத்தியலால் இலேசாகத் தட்டி விரிக்கலாம். ஓங்கி அடித்தால் மரம் ஆணியிலிருந்து பிளக்கும்.

பிடியை உருவாக்கும்போது கத்தியைப் பயன்படுத்தப் போகிறவரின் கையில் கொடுத்துக் கொடுத்து வாங்குங்கள். அம்மாவின் கைக்கு என் கைக்கேற்ற பிடி பெரிது. அலகுக்கு அருகே சற்று ஒடுங்கி, உள்ளங்கை படும் இடத்தில் புடைத்து, முடிவில் சின்னவிரலுக்குத் தடையாகச் சிறிது இறங்கினால் ஈரக்கையிலும் வழுக்காது. 120, 220, 400 என்று அரத்தாளை மாற்றித் தேய்த்து, இடையில் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, எழும் நாரைக் காயவிட்டு மீண்டும் தேயுங்கள். பூசுவதற்கு ஆளிவிதை எண்ணெய் ஏற்றது. மெல்லப் பூசி, ஊறவிட்டு, மிச்சத்தைத் துடைத்து, நாளுக்கு ஒரு பூச்சாக நான்கைந்து நாள். தேங்காய் எண்ணெய் காயாது, நாளடைவில் சிக்கு மணம் வரும். ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். அது காயும்போது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. கொடியில் விரித்துக் காயவிடுங்கள்.

கூர்

வாயின் 1 மில்லிமீற்றர்த் தடிப்பை முதலில் முரட்டுச் சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் குறைத்து, பிறகு 1000 இலக்கக் கல்லில் தீட்ட வேண்டும். கிறைண்டரில் கூராக்கினால் மெல்லிய வாய் ஒரு கணத்தில் நீலமாகி, இவ்வளவு பாடுபட்டு வைத்த பதம் அந்த இடத்தில் போய்விடும். 3 சென்ரிமீற்றர் அகலமுள்ள அலகின் முதுகைக் கல்லிலிருந்து 8 முதல் 10 மில்லிமீற்றர் உயர்த்திப் பிடித்தால் 15 முதல் 20 பாகைச் சரிவு கிடைக்கும். மறுபுறத்தில் பிசிர் எழுந்து நகத்தில் தட்டுப்படும்வரை ஒருபுறத்தைத் தீட்டி, பின் மறுபுறம் திருப்புங்கள். கடைசியில் பழைய தோற்பட்டியில் முதுகுப் பக்கமாக இழுத்துப் பிசிரை எடுத்துவிடுங்கள். கூரைச் சோதிக்க விரல் வேண்டாம். பழுத்த தக்காளியில் அழுத்தாமல் வைத்தால் தோல் விரிய வேண்டும்.

இந்த உருக்கு துருப்பிடிக்கும். கடற்காற்றுப் படும் தீவுப்பகுதிகளிலும் கரையோர ஊர்களிலும் ஓர் இரவு ஈரமாக விட்டாலே காலையில் செம்புள்ளி காணலாம். வெட்டி முடிந்ததும் கழுவித் துடைத்து, வாரத்துக்கு ஒருமுறை அலகில் மெல்லிய எண்ணெய் தடவுங்கள். அலகுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். வாழைக்காய், மாங்காய், வாழைப்பூ ஆகியவற்றை வெட்டினால் அலகும் கறுக்கும், முதல் சில நாட்களில் காயின் வெட்டுமுகமும் கறுக்கும். நாளடைவில் அலகில் சாம்பல் நிறப் படலம் ஒன்று படிந்து அது குறையும். அந்தப் படலம் துருவையும் ஓரளவு தடுக்கும் என்பதால் அதைத் தும்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டாம் என்று அடுக்களையில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கத்தியை இழுப்பறையில் மற்ற இரும்புகளுடன் போடாமல், காய்ந்த கமுகமட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து அலகைச் சுற்றி மடித்து நூலால் தைத்து, நன்றாகக் காய்ந்தபின் அதற்குள் செருகி வைக்கலாம்.